108க்குப் போன் போட்டால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் நாற்றங்கால், உரம், பயிர்ப் பாதுகாப்பு என்று பேசுவோம். இன்றைக்கு ஒரு நாள் பயிரை விட்டுவிட்டுப் பயிர் வைக்கிற ஆளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடிக்கிறது. வரப்பில் பாம்பு கடிக்கிறது. மருந்து அடிக்கும்போது தலை சுற்றுகிறது. டிராக்டர் மேடேறும்போது மல்லாந்துவிடுகிறது. எல்லாம் நம் தொழிலோடு கூடவே வருகிற ஆபத்துகள்தான். அப்போது யாராவது ஒருத்தர் செல்போனை எடுத்து 108ஐ அழுத்துகிறார். அந்தப் பக்கம் எடுத்தவர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, என்ன ஆச்சு, வயசு என்ன, மூச்சு இருக்கா? நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. "இங்க உயிர் போய்க்கிட்டு இருக்கு, ஒக்காந்துகிட்டு ஊர்க்கதை கேக்கிறாங்களே" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம். அந்தக் கேள்விகள் எதற்கு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தால் வைக்கமாட்டோம். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஆபத்துக்கென்று தனி எண் வைக்கிற பழக்கம் ரொம்பப் பழசு இல்லை. 1935ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் ஒரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்ய முயன்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்துக்கிடந்தது. அவர் பத்திரிகைக்கு எழுதிவிட்டார். அதன் பிறகுதான் 1937ல் லண்டனில் 999 என்ற எண் வந்தது. அமெரிக்காவில் 911 வந்தது 1968ல். நம் நாட்டில் 108 முதலில் 2005ல் ஐதராபாத்தில் தொடங்கியது; தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக 112 என்ற எண்ணும் இப்போது நாடு முழுவதற்கும் இருக்கிறது. இந்த எண்களுக்குப் பேசக் காசு கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நீங்கள் 108ஐ அழுத்தினால் அழைப்பு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மாநிலத்துக்கே பொதுவான மையம் ஒன்று சென்னையில் இருக்கிறது, அங்கே போகிறது. எடுக்கிறவர் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே வருவார். இடமும் விவரமும் கிடைத்ததும் உங்களுக்குப் பக்கத்தில் எந்த வண்டி சும்மா இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தகவல் போய்விடும். வண்டியில் ஓட்டுநர் ஒருவர், அவரைப் பைலட் என்பார்கள். கூட மருத்துவ உதவியாளர் ஒருவர். இது போக, மையத்திலேயே டாக்டர்களும் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் போனில் வந்து யோசனை சொல்வார்கள். ஆகவே இடத்தைச் சொன்ன பிறகும் கேள்வி தொடர்ந்தால் வண்டி கிளம்பாமல் நிற்கிறது என்று நினைக்காதீர்கள். வாய் ஒரு பக்கம் கேட்கும், வண்டி ஒரு பக்கம் ஓடும்.

முதல் கேள்வி இடம். இதில்தான் நம் ஆட்கள் ரொம்பத் தடுமாறுகிறார்கள். பதற்றத்தில் "நம்ம ராமசாமி தோட்டத்துக்கு வாங்க" என்போம். சென்னையில் இருக்கிறவருக்கு எந்த ராமசாமியைத் தெரியும்? புதூர் என்று சொன்னால் மாநிலத்தில் எத்தனை புதூர்! மேட்டுப்பட்டி, கோட்டையூர் எல்லாம் அப்படித்தான். அதனால்தான் மாவட்டத்தில் ஆரம்பித்துத் தாலுகா, பஞ்சாயத்து, ஊர் என்று இறங்கி வருகிறார்கள். "செல்போன் எங்க இருக்குன்னு அவங்களுக்கே தெரியாதா?" என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். டவரை வைத்து ஓரளவுதான் தெரியும். நம் பக்கம் ஒரு டவர் பல கிலோமீட்டருக்கு இருக்கும். அந்த வட்டத்துக்குள் எந்தக் கிணற்று மேடு என்று அதனால் சொல்ல முடியாது. மாநில எல்லையை ஒட்டியிருக்கிற ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. செல்போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்துக்கொண்டால் அழைப்பு அந்த மாநில மையத்துக்கே போய்விடலாம். அப்போது முதல் வார்த்தையாகவே "தமிழ்நாட்டிலிருந்து பேசறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்குக் கதவு எண் உண்டு, தோட்டத்துக்கு ஏது? அதனால் அடையாளம்தான் விலாசம். மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்பணும், திரும்பற இடத்தில் என்ன இருக்கு, ரேஷன் கடையா, அய்யனார் கோயிலா, பால் சொசைட்டியா, அங்கிருந்து எத்தனை தூரம். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லலாம். மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் சொல்லலாம். வண்டி வருகிற பாதையில் தரைப்பாலம் உடைந்திருக்கிறது, மழையில் சேறாகிக் கிடக்கிறது என்றால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். வண்டி புதைந்து நின்றால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. ஒரு பையனை டார்ச் லைட்டோடு ரோட்டு முனைக்கு அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, நீங்கள் பேசிய அதே நம்பருக்குத்தான் ஆம்புலன்ஸ்காரர்கள் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவார்கள். அந்தப் போனை எடுத்துக்கொண்டு மாமனுக்கும் மச்சானுக்கும் சேதி சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி ஊர் எல்லையில் சுற்றிக்கொண்டிருக்கும். சொந்தபந்தத்துக்கு வேறு போனில் சொல்லுங்கள்.

அடுத்ததாக இரண்டு கேள்விகள் வரும். நினைவு இருக்கா? மூச்சு சரியாக இருக்கா? கேட்பதற்குச் சின்னக் கேள்விகள். ஆனால் ஒரு மனுஷன் பிழைப்பதும் போவதும் பல நேரம் இந்த இரண்டில்தான் நிற்கிறது. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

களத்துமேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐம்பது வயசுக்காரர் திடீரென்று சாய்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் போன் போடுகிறான். அந்தப் பக்கம் நல்ல பயிற்சி பெற்ற ஒரு பெண் இருந்தால் பேச்சு இப்படிப் போகும்.

"அப்பா கண்ணு முழிச்சுப் பாக்கிறாரா தம்பி? தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்க."

"இல்ல மேடம், அசையவே இல்ல."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு மேடம். இழுத்து இழுத்து விடறாரு."

"சரி. ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் எங்கிட்ட 'இப்ப'ன்னு சொல்லுங்க."

"இப்ப..." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "...இப்ப."

அந்த இரண்டு "இப்ப"வுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதைத்தான் அவர் காது கொடுத்துக் கேட்டார். இது சரியான மூச்சு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். இருதயம் நின்றுபோன பிறகும் சில நிமிஷம் உடம்பு இப்படி வாயைத் திறந்து திறந்து காற்றை இழுக்கும். மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே போட்டால் வாயைத் திறக்குமே, அந்த மாதிரி. நம் ஊரில் இதைப் பார்த்துவிட்டு "உசுரு இருக்கு, மேல்மூச்சு வாங்குது" என்று சுற்றி நின்று விசிறுவோம், சோடா வாங்கி ஊற்றுவோம். அந்த நேரத்தில்தான் மூளை ரத்தம் இல்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். நாலு முதல் ஆறு நிமிஷத்துக்குள் மூளை சேதமாக ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ் என்ன வேகத்தில் வந்தாலும் தோட்டத்துக்கு அந்த நேரத்துக்குள் வருவது கஷ்டம். பக்கத்தில் இருக்கிற கைகள்தான் உதவ வேண்டும்.

அதனால் அந்தப் பெண் தொடர்ந்து சொல்லுவார்: "கட்டில்ல இருந்தா தரையில எறக்கிப் படுக்க வைங்க." கயிற்றுக் கட்டிலில் வைத்து நெஞ்சை அழுத்தினால் கயிறுதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. "பக்கத்துல முட்டி போட்டு உக்காருங்க. நெஞ்சுக்கு நட்டநடுவுல ஒரு கையோட அடிப்பகுதிய வைங்க. அது மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. ஒடம்பு பாரத்தைப் போட்டு ரெண்டு அங்குலம் அமுங்கற மாதிரி அழுத்துங்க. விடுங்க. என்கூடவே எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. உரலில் வேகமாக இடிக்கிற கணக்கு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை சோர்ந்து அழுத்தம் குறைந்துவிடும். விலா எலும்பு "மடக்"கென்று சத்தம் கேட்டால் பயந்து நிறுத்தவும் கூடாது. எலும்பு பிறகு கூடிவிடும்.

போனில் இப்படி வழிகாட்டுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் என்ற நகரத்தில், மூச்சில்லாமல் கிடந்த கைக்குழந்தையோடு ஒரு தாய் போன் செய்தார். தீயணைப்பு நிலையத்தில் இருந்த மருத்துவ உதவியாளர் ஒருவர், வண்டி போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தார். குழந்தை பிழைத்தது. அதுவரைக்கும் போன் எடுக்கிறவர் வேலை விலாசத்தை எழுதிக்கொண்டு வண்டியை அனுப்புவது மட்டும்தான். அந்தப் பத்தாண்டின் கடைசியில், சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர் இதற்கென்று அட்டைகள் தயார் பண்ணினார். நெஞ்சுவலிக்கு ஒரு அட்டை, பிரசவத்துக்கு ஒரு அட்டை, விழுந்து அடிபட்டதற்கு ஒரு அட்டை. என்ன கேட்க வேண்டும், எந்தப் பதிலுக்கு எந்த வண்டி, வண்டி வரும்வரை என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நம் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர் அட்டையைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதுபோல. இப்போது அது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. உலகத்தில் பல நாடுகளில் இந்த முறையில்தான் கேட்கிறார்கள்.

அந்த டாக்டர் சொல்லிக்கொடுத்த ஒரு யுக்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். போனில் ஒருத்தர் கதறி அழுதுகொண்டிருந்தால், அவரை அதட்டக் கூடாது. ஒரே வாக்கியத்தை, அதே குரலில், வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். "நான் சொல்றதைச் செஞ்சா குழந்தைக்கு உதவி செய்யலாம்மா." மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் அதே. குரலை உயர்த்தினால் எதிர்ப்பக்கமும் உயரும். மிரண்ட மாட்டை அதட்டாமல் ஒரே மாதிரிச் சத்தம் கொடுத்து அடக்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இத்தனையும் பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு, அந்த ஆள் பிழைத்தாரா இல்லையா என்பது பல நேரம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த மணி அடித்துவிடும்.

எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் போனிலேயே இவ்வளவு வழிகாட்டுதல் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் நெஞ்சை அழுத்துகிற முறையை இங்கேயே விவரமாகச் சொன்னேன். ஊரில் நாலு இளைஞர்கள் கற்று வைத்திருக்கட்டும். கரண்ட் அடித்தவருக்கும் இதே முறைதான். ஆனால் முதலில் மெயினை அணைத்த பிறகுதான் தொட வேண்டும். "கரண்டை நிறுத்திட்டீங்களா?" என்று போனில் கேட்பது காப்பாற்றப் போகிறவரையும் சேர்த்து இழக்கக் கூடாது என்றுதான். கிணற்றுக்குள் இறங்கினவர் மயங்கி விழுந்தால், "யாரும் பின்னாடி எறங்காதீங்க" என்பதும் அதற்குத்தான். உள்ளே நச்சுக் காற்று இருக்கலாம், காற்றில் பிராணவாயு குறைந்திருக்கலாம். அண்ணனைத் தூக்கப் போய்த் தம்பியும் விழுந்த கதை நமக்கெல்லாம் தெரியும். தீயணைப்புப் படையையும் வரச்சொல்லிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி பூச்சிமருந்து. இதில் நாம் மறைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. மனம் உடைந்து மருந்தைக் குடித்துவிட்டவரை, "வயித்துவலி, வாந்தி" என்று சொல்லி வண்டியை வரவழைக்கிறோம். போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஊர் பேசும் என்ற பயம். அந்தப் பயம் உயிரையே எடுத்துவிடும். வண்டியில் இருக்கிறவர் வயிற்றுவலிக்குத் தயாராக வருவார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படிச் செய்தவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போனில் கேட்கிறவரும் "ஏன் குடிச்சாங்க" என்று விசாரிக்க வரவில்லை. என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, இப்போது எப்படி இருக்கிறார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

அதிலும் மருந்தின் பெயர் ரொம்ப முக்கியம். டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். லேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சாய்சதுரம் இருக்குமே, அது என்ன நிறம், உள்ளே என்ன ரசாயனம் என்று எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். ஒரு வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். இன்னொன்றுக்கு அது உதவாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி உள்ளே போனவருக்குத் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தாலே நுரையீரல் இன்னும் கெடும். பெயர் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது என்ன நோய் என்று பார்க்காமல் மருந்து அடிக்கிற மாதிரி. டப்பாவையும் வண்டியிலேயே கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நினைவில்லாமல் மூச்சு மட்டும் ஒழுங்காக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வார்கள். மருந்து அடிக்கும்போது மயங்கினவர் என்றால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொள்ளட்டும். தோல் வழியாகவும் விஷம் ஏறும்.

பாம்புக்கடிக்கு "எத்தனை மணிக்குக் கடிச்சது?" என்பது பெரிய கேள்வி. "எந்தப் பாம்பு?" என்றும் கேட்பார்கள், தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் போகட்டும். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் நம் மாநிலத்து இருளர் மக்கள்; 1978லிருந்து அவர்களுக்குக் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. கட்டுவிரியன் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி அவ்வளவாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் புரட்டுகிறது, கண் இமை தூக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்பார். போனில் "தரையிலதான் படுத்திருந்தாரா?" என்று கேட்டால் அது வீண் கேள்வி இல்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளையும் நடக்கவிடாமல் கொண்டுபோனால் போதும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான பரிசோதனைக்குப் போக வேண்டியவருக்கு, பஸ் இல்லை என்பதற்காக "நெஞ்சுவலி" என்று சொல்லி வண்டியைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி சுற்றுவட்டாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அது உங்கள் வாசலில் நிற்கிற நேரத்தில் பக்கத்து ஊரில் பிரசவ வலியில் ஒரு பெண் துடித்துக்கொண்டிருந்தால், அவளுக்கு இருபது மைலுக்கு அப்பாலிருந்து வேறு வண்டி வரவேண்டும். எந்த அழைப்பு முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது நம் வாய் வார்த்தையை நம்பித்தான். அவசரமில்லாத உடம்பு யோசனைக்கு 104 என்ற எண் இருக்கிறது, அதற்குப் பேசலாம்.

ரோட்டில் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார், போன் போட்டால் நம்மைச் சாட்சிக்கு இழுப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். 2016ல் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். உதவி செய்கிறவர் பேர், ஊர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் அரசுத் திட்டமும் தொடங்கப்பட்டது.

கடைசியாக வீட்டு வேலை ஒன்று. இன்றைக்குச் சாயங்காலம் மோட்டார் கொட்டகைக் கதவின் உட்பக்கம், மாவட்டம், தாலுகா, பஞ்சாயத்து, ஊர், ரோட்டிலிருந்து வருகிற வழி, இந்த ஐந்தையும் பெயின்ட்டில் பெரிசாக எழுதி வையுங்கள். வெளியூர்க் கூலியாள் இருந்தாலும் அதைப் பார்த்துப் படித்துவிடுவார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அதையே மனப்பாடம் பண்ண வையுங்கள். அந்தப் பிள்ளை விளையாட்டாக 108ஐ அழுத்திவிட்டால் பயந்து போனை அணைக்க வேண்டாம். அணைத்தால் ஆபத்தில் லைன் அறுந்துபோச்சோ என்று அவர்கள் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "தெரியாம அழுத்திட்டோங்க, இங்க ஒண்ணுமில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தால் போதும்.